திரையில் நூல் பிடிப்போம்!



ஆட்டோகேட் மென்பொருளைத் திறந்தவுடன் நம் கண்ணில் முதலில் படுவது எது? கரிய திரையும், அதன்மேல் சிலந்தி வலைபோலப் பரவிக் கிடக்கும் மெல்லிய கோடுகளும்தான். நம்மில் சிலர் அதை ஏதோ அழகுக்குப் போட்ட கோலம் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறோம். சிலர் "கண்ணை உறுத்துதுப்பா" என்று சொல்லி எஃப் 7 விசையைத் தட்டி அணைத்துவிடுகிறோம். இன்னும் சிலர் கட்டங்களை விரல் விட்டு எண்ணியே அளவு எடுக்கிறோம். மூன்றுமே வம்பில் முடியக்கூடியவை!

கோலம் என்று நினைப்பதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அது கோலம் அல்ல. கோலத்துக்கு முன்னால் வைக்கும் புள்ளி. புள்ளி கோணினால் கோலம் கோணும். முப்பரிமாண மாடலிங்கில் இந்தப் 'புள்ளி வைக்கும்' வேலையை எப்படிச் சரியாகச் செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னைப்போலத் தமிழ் வழியில் பத்தாவது முடித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள் நம் கல்லூரியில் நிறைய உண்டு. திரையில் தெரியும் மெனு முழுவதும் ஆங்கிலம். பக்கத்து மெஷினில் இருப்பவர் மளமளவென்று வரைந்து முடிக்க, நாம் மவுஸைப் பிடித்துக்கொண்டு விழிப்போம். அப்படி விழிக்கும் ஒருவருக்காவது இது பயன்பட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

கட்டம் என்பது என்ன?

1637-ல் பிரெஞ்சு அறிஞர் ரெனே டெகார்ட், வடிவங்களை எண்களால் சொல்லும் முறையை வெளியிட்டார். பத்தாம் வகுப்பில் கிராஃப் தாளில் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு போட்டோமே, அதற்கு மூலம் அவருடைய சிந்தனைதான். 1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட் அந்தக் கிராஃப் தாளைக் கண்ணாடித் திரைக்குள் கொண்டுவந்தது. முப்பரிமாணத்தில் உயரத்துக்காக இசட் என்ற மூன்றாவது அச்சும் சேர்கிறது.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அச்சுகள் மூன்று இருந்தாலும், கட்டம் ஒரே ஒரு தளத்தில்தான் இருக்கும். அது எக்ஸ்-ஒய் தளம். வீட்டுத் தரையில் ஓடு பதித்ததுபோல அது படுத்திருக்கும். சுவரில் ஓடு இல்லை. காற்றிலும் ஓடு இல்லை. அதனால் உயரம் எவ்வளவு என்பதைக் கட்டம் நமக்குச் சொல்லாது.

இன்னொன்று: கட்டம் நம் மாடலின் பகுதி அல்ல. பிரிண்ட் எடுத்தால் தாளில் வராது. வேலைக்கு உதவிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் துணைக்கோடு அது.

கொத்தனார் சொன்ன பாடம்

என் அப்பா கொத்தனார். சுவர் எழுப்புமுன் மூலைமட்டம் வைத்து, இரண்டு முனையிலும் ஆணியடித்து நூல் கட்டுவார். ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"ஏம்ப்பா, இத்தனை வருச அனுபவம் இருக்கே. நூல் கட்டாம கண்ணளவுல கல்லு வெச்சா ஆகாதா?"

"வெக்கலாம் கண்ணு. மொத வரியில ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது வரியிலயும் தெரியாது. சன்னல் மட்டத்துக்கு வந்தப்புறம் தெரியும். அப்ப இடிக்கணும்."

"நூலை அப்புறம் எடுத்துடுவீங்களே?"

"எடுத்துடுவோம். ஆனா சுவரு முழுக்க அந்த நூலுதான் நிக்குது."

திரையில் உள்ள கட்டத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. மாடலிங்கிலும் தவறு முதல் வரியில் தெரியாது. நம் துறையின் சீனியர் அண்ணன் ஒருவர் ஒரு பிராக்கெட் வரைந்தார். அடித்தகட்டின்மேல் நிற்கும் செங்குத்துத் தகட்டை மவுஸால் தூக்கி, பார்வைக்குச் சரியாக இருக்கும் இடத்தில் வைத்தார். பிறகு யூனியன் கட்டளை கொடுத்தார். மென்பொருள் எந்த எதிர்ப்பும் சொல்லவில்லை. தொட்டுக்கொள்ளாத இரண்டு திடப்பொருளையும் யூனியன் ஒரே பொருளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். முப்பரிமாண பிரிண்டரில் கொடுத்து எடுத்தபோது செங்குத்துத் தகடு கையோடு கழன்று வந்துவிட்டது. தேடிப் பார்த்தால் இடையில் 0.7 மி.மீ. சந்து! பாவம், மறுநாள் காலையில் புராஜெக்ட் ரிவ்யூ. இரவெல்லாம் உட்கார்ந்து மறுபடி வரைந்தார்.

கட்டம் வேறு, ஸ்நாப் வேறு

நாம் அதிகம் குழம்பும் இடம் இதுதான். எஃப் 7 அழுத்தினால் கட்டம் தெரியும். அது கண்ணுக்கு மட்டுமே. கட்டம் தெரிவதாலேயே மவுஸின் குறி அந்தக் கோட்டில் போய் உட்காராது. 50-ல் வைத்ததாக நாம் நினைப்போம், அது 49.87-ல் இருக்கும்.

எஃப் 9 அழுத்தினால்தான் ஸ்நாப் வேலை செய்யும். அப்போது குறி நாம் சொன்ன இடைவெளியில் மட்டுமே தாவித் தாவி நகரும். கட்டம் என்பது தரையில் போட்ட கோடு. ஸ்நாப் என்பது தண்டவாளம்.

இரண்டுக்கும் இடைவெளி தனித்தனியாகக் கொடுக்கலாம். கட்டம் 10, ஸ்நாப் 3 என்று இருந்தால் குறி கோட்டுக்குக் கோடு போகாமல் நடுவில் எங்கெங்கோ நிற்கும். "கம்ப்யூட்டர் ரிப்பேர் சார்" என்று புகார் செய்வோம். ரிப்பேர் கம்ப்யூட்டரில் இல்லை. கட்டத்தின் இடைவெளியைப் பூச்சியம் என்று கொடுத்துவிட்டால், அது ஸ்நாப்பின் இடைவெளியையே தானும் எடுத்துக்கொள்ளும். புதிதாகக் கற்பவர்களுக்கு இது நல்ல வழி.

இவற்றை அமைக்கும் இடம் ஒன்றுதான். கட்டளை வரியில் டிசெட்டிங்ஸ் என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் 'ஸ்நாப் அண்ட் கிரிட்' என்ற பக்கத்தில் இடப்புறம் ஸ்நாப், வலப்புறம் கட்டம்.

முதல் கேள்வி: எந்த டெம்ப்ளேட்?

புதிய கோப்பைத் திறக்கும்போதே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. 'அகாட்' என்ற டெம்ப்ளேட் அங்குல முறைக்கானது. அதில் வரைபட எல்லை 12-க்கு 9. கட்டத்தின் இடைவெளி 0.5. 'அகாட்ஐஎஸ்ஓ' என்பது மெட்ரிக் முறைக்கானது. அதில் எல்லை 420-க்கு 297, அதாவது ஏ3 தாளின் அளவு. கட்டத்தின் இடைவெளி 10.

அங்குல டெம்ப்ளேட்டில் 120 என்று டைப் செய்தால் நாம் மி.மீ. என்று நினைத்திருப்போம். மென்பொருளோ அந்தக் கோப்புக்கு அங்குலம் என்று குறித்து வைத்திருக்கும். அதை நண்பருடைய மி.மீ. கோப்புக்குள் இன்சர்ட் செய்தால் 25.4 மடங்கு பெருகி 3048 ஆகிவிடும். கையடக்கப் பிராக்கெட் பத்தடி நீளத்துக்கு வந்து நிற்கும்! ஆகவே, வேலை தொடங்கும் முன் யூனிட்ஸ் கட்டளை கொடுத்து, இன்சர்ஷன் ஸ்கேல் என்ற இடத்தில் மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இடைவெளியை எப்படி முடிவு செய்வது?

"பத்துன்னு இருக்கு, அப்படியே இருக்கட்டும்" என்று விடக்கூடாது. வரையப் போகும் பொருளின் அளவுகளைப் பாருங்கள். பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தி நினைவிருக்கிறதா? "இது வாழ்க்கையில எங்கடா வரப்போகுது?" என்று கேட்டோமே, அது இங்கே வருகிறது!

நம் பிராக்கெட்டின் அளவுகள் 120, 80, 16, 20, 60, 40 என்று வைத்துக்கொள்வோம். இவை எல்லாவற்றையும் மீதமின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் 4. ஆகவே ஸ்நாப் 4, கட்டம் 4. இடைவெளி 10 என்று விட்டிருந்தால் 16 எந்தக் கோட்டிலும் விழாது. கண்ணளவில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

அதே பெட்டியில் 'மேஜர் லைன் எவ்ரி' என்று ஓர் இடம் உண்டு. எத்தனை கோட்டுக்கு ஒரு கோடு தடிப்பாகத் தெரிய வேண்டும் என்பது அது. அங்கே 5 என்று இருந்தால், 4 பெருக்கல் 5, அதாவது 20-க்கு 20 ஒரு தடித்த கோடு வரும். 120, 80, 60, 40, 20 எல்லாமே தடித்த கோட்டில் அமரும். கணக்கு எவ்வளவு அழகாக ஒத்துழைக்கிறது பாருங்கள்.

அளவுகளில் 37.5, 12.3 என்று வந்தால்? அதற்காக ஸ்நாப்பை 0.1 என்று வைத்தால் வைத்தும் பயனில்லை; குறி எங்கு வேண்டுமானாலும் நிற்கும். பொதுவான அளவுகளுக்கு ஸ்நாப். ஒழுங்கற்ற அளவுகளை எண்ணாக டைப் செய்துவிடுங்கள். டைப் செய்த எண்ணை ஸ்நாப் மாற்றாது.

ஜூம் செய்தால் மாறும் கட்டம்

கட்டங்களை எண்ணி அளவெடுப்பது ஏன் ஆபத்து என்று இப்போது சொல்கிறேன். 'அடாப்டிவ் கிரிட்' என்ற வசதி இயங்கும்போது, படத்தைச் சிறிதாக்கினால் கோடுகள் நெருங்கித் திரை அடைந்துவிடாமல் இருக்க, மென்பொருளே சில கோடுகளை மறைத்துவிடும். நம் உதாரணத்தில் ஒரு கட்டம் 4 என்று இருந்தது, தூரத்திலிருந்து பார்க்கும்போது 20 ஆகும். இன்னும் தூரம் போனால் 100 ஆகும். கட்டம் பார்வைக்கு அதே அளவில்தான் இருக்கும். "ஆறு கட்டம் எண்ணினேனே!" என்றால், எந்த ஆறு கட்டம் என்பதுதான் கேள்வி. ஸ்நாப்பின் இடைவெளி மட்டும் இப்படி மாறாது. 4 என்றால் 4-தான்.

தளத்தையே மாற்றுவோம்

தரையில் மட்டும் கட்டம் இருந்தால் சுவரில் எப்படித் துளை போடுவது? இங்கேதான் யூசிஎஸ் வருகிறது. பயனர் ஆய அச்சு முறை என்று தமிழில் சொல்லலாம். அதாவது, தரையில் விரித்த கிராஃப் தாளை எடுத்துச் சுவரில் ஒட்டும் வேலை. யூசிஎஸ் எங்கே போகிறதோ, கட்டமும் ஸ்நாப்பும் கூடவே போகும்.

இதைச் செய்யாமல் திரையில் சுவர் தெரியும் இடத்தில் க்ளிக் செய்தால் என்ன ஆகும்? குறி சுவரில் விழாது. அதற்கு நேர் பின்னாலோ முன்னாலோ எக்ஸ்-ஒய் தளம் எங்கே இருக்கிறதோ அங்கே விழும். அந்தக் கோணத்தில் பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். மாடலைச் சுற்றித் திருப்பினால்தான், நாம் போட்ட வட்டம் எங்கோ தரையில் அநாதையாகக் கிடப்பது தெரியும்.

ஒரு உதாரணம்: எல் வடிவப் பிராக்கெட்

செய்து பார்த்தால்தான் விளங்கும். கீழ்க்கண்ட வரிசையில் செய்யுங்கள்.

1. அகாட்ஐஎஸ்ஓ டெம்ப்ளேட்டில் புதிய கோப்பு. ஸ்நாப் 4, கட்டம் 4, மேஜர் லைன் 5. எஃப் 7, எஃப் 9 இரண்டும் இயங்கட்டும்.

2. பாக்ஸ் கட்டளை. முதல் மூலை 0,0. எதிர் மூலை 120,80. உயரம் 16 என்று டைப் செய்யுங்கள். உயரத்தை மவுஸால் இழுக்க வேண்டாம். உயரத்துக்குக் கட்டம் கிடையாது என்று முன்பே பார்த்தோம்.

3. எஃப் 3 அழுத்தி ஆப்ஜெக்ட் ஸ்நாப்பை இயக்குங்கள். அதில் எண்ட்பாயிண்ட் தேர்வாகி இருக்கட்டும். பொருளின் மூலையைப் பிடிக்கும்போது அது கட்டத்தின் ஸ்நாப்பை மீறிச் சரியாக மூலையில் உட்காரும்.

4. யூசிஎஸ் கட்டளை கொடுத்து '3 பாயிண்ட்' என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். தகட்டின் மேற்பரப்பில் முன்பக்க இடது மூலை தொடக்கப் புள்ளி. வலது மூலை எக்ஸ் திசை. பின்பக்க இடது மூலை ஒய் திசை. இப்போது கட்டம் தகட்டின் தலைமேல் ஏறிவிடும்.

5. 20,20 மற்றும் 100,20 ஆகிய இடங்களில் 6 ஆரம் உள்ள வட்டங்கள். இரண்டு மையங்களும் தடித்த கோடுகள் வெட்டும் இடத்தில் விழுவதைக் கவனியுங்கள். எக்ஸ்ட்ரூட் கட்டளையில் மைனஸ் 16 கொடுங்கள். பிறகு சப்ட்ராக்ட். துளைகள் தயார்.

6. அதே தளத்தில் இன்னொரு பாக்ஸ். 0,64-ல் தொடங்கி 120,80 வரை; உயரம் 60. கட்டம் தகட்டின் மேற்பரப்பிலேயே இருப்பதால் செங்குத்துத் தகடு அதை அப்படியே தொட்டு நிற்கும். சந்துக்கு வழியே இல்லை. இப்போது யூனியன் கொடுக்கலாம்.

7. மறுபடி யூசிஎஸ், 3 பாயிண்ட். செங்குத்துத் தகட்டின் முன்முகத்தில் கீழ் இடது மூலை தொடக்கம். கீழ் வலது மூலை எக்ஸ். மேல் இடது மூலை ஒய். கிராஃப் தாள் சுவரில் ஒட்டிக்கொண்டது! 60,40-ல் 12 ஆரம் உள்ள வட்டம் போட்டு, மைனஸ் 16 எக்ஸ்ட்ரூட், பிறகு சப்ட்ராக்ட்.

8. கடைசியாக யூசிஎஸ் கொடுத்து வேர்ல்டு என்பதைத் தேர்ந்தெடுத்துப் பழைய தரைக்கே திரும்பிவிடுங்கள். இதை மறந்தால் அடுத்து வரைவதெல்லாம் சுவரில்தான் போய் ஒட்டும்.

வேலை முடிந்ததும் ஐடி என்ற கட்டளை கொடுத்து ஏதாவது ஒரு மூலையைத் தொட்டுப் பாருங்கள். எக்ஸ், ஒய், இசட் மதிப்புகளைத் திரை காட்டும். 16 வர வேண்டிய இடத்தில் 16.7 வந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். செங்குத்துத் தகடு கழன்று கையில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஐசோமெட்ரிக் மாயை

ஸ்நாப் பக்கத்தில் 'ஐசோமெட்ரிக் ஸ்நாப்' என்று ஒரு வகை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் கட்டம் சாய்ந்து, முப்பரிமாணம் போலவே தெரியும். எஃப் 5 அழுத்த அழுத்த மேல், இடது, வலது முகங்கள் மாறும். ஆனால் அதில் வரைவது முழுக்க முழுக்கத் தட்டையான படம். திருப்பிப் பார்த்தால் தரையில் ஒட்டிய பாய்போலக் கிடக்கும். டிராயிங் தாளில் கையால் போடும் ஐசோமெட்ரிக் படத்தின் கம்ப்யூட்டர் வடிவம் அது. திடப்பொருள் மாடலிங் வேண்டுமென்றால் 'ரெக்டாங்குலர்' வகையிலேயே இருங்கள்.

இலவச மென்பொருளிலும் இதே கதைதான்

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நண்பர்கள் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளைப் பழகுகிறார்கள். அதிலும் தரைக்கட்டம் உண்டு. ஆனால் அங்கே தொடக்க அளவு மீட்டர். திறந்தவுடன் நிற்கும் கனசதுரம் 2 மீட்டர், அதாவது நம்மைவிட உயரம்! சீன் பகுதியில் யூனிட்ஸ் என்ற இடத்தில் நீளத்தை மில்லிமீட்டர் என்றும், யூனிட் ஸ்கேலை 0.001 என்றும் மாற்றிக்கொள்ளுங்கள். கட்டத்தின் அளவை மாற்றும் இடம் ஓவர்லே மெனுவில் உள்ளது.

இதை மாற்றாவிட்டால் என்ன? பிரிண்டருக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் அளவின் அலகு எழுதப்படுவதில்லை. வெறும் எண்தான் போகும். மீட்டர் கணக்கில் 0.12 என்று இருக்கும் நம் 120 மி.மீ. தகட்டை, பிரிண்டருக்கான மென்பொருள் 0.12 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். தலைமுடித் தடிமனுக்கு ஒரு பிராக்கெட்!

பிளெண்டரில் இன்னொரு நுணுக்கம். ஸ்நாப்பில் 'இன்க்ரிமென்ட்' என்பது, பொருள் இப்போது இருக்கும் இடத்திலிருந்து ஒழுங்கான அடி எடுத்து வைப்பது. 0.37-ல் இருந்தால் 1.37-க்குப் போகுமே தவிர, கட்டத்தின் கோட்டில் உட்காராது. தொடக்கம் கோணலாக இருந்தால் எத்தனை அடி எடுத்து வைத்தாலும் கோணல்தான். கோட்டிலேயே உட்கார வேண்டுமானால் புதிய பதிப்புகளில் 'கிரிட்' என்பதையும், பழையவற்றில் 'அப்சொல்யூட் கிரிட் ஸ்நாப்' என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறைவாக...

நண்பர்களே, மென்பொருள்கள் மாறும், பதிப்புகள் மாறும், பட்டன்கள் இடம் மாறும். ஆனால் வரைய உட்காருமுன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான். அலகு எது? இடைவெளி எவ்வளவு? எந்தத் தளத்தில் நிற்கிறேன்? ஸ்நாப் இயங்குகிறதா? இந்த நான்கையும் ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

நாளை நாம் ஒரு சிறு பட்டறையிலோ டிராயிங் ஆபீசிலோ வேலைக்குச் சேருவோம். அங்கே நாம் வரைந்த அளவை நம்பி ஒருவர் இரும்பை வெட்டுவார். அவர் திரையைப் பார்க்கப் போவதில்லை. நம் எண்ணைத்தான் பார்ப்பார். வெட்டிய இரும்பை ஒட்ட அண்டு கட்டளை கிடையாது. அந்த இரும்பின் காசும் அவருடைய ஒரு நாள் உழைப்பும் நம் கையில் இருக்கிறது.

அதனால் ஆங்கில மெனுவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். புரியாததைப் பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். புரிந்ததை அடுத்து வரும் ஜூனியருக்குத் தமிழிலேயே சொல்லிக் கொடுங்கள். அளவோடு வரைவோம், வாழ்த்துகள்!